தொடைச்சந்து நோயும் இடம்மாறிய வலியும்: புதுவை மருத்துவ வரலாற்றினின்று ஓர் ஆராய்ச்சி

‘இடுப்பு வலிக்கிறது’ என்று தமிழர் ஒருவர் கூறின், அவ்வலி உடம்பின் எப்பகுதியது என்று துணிதல் எளிதன்று. உழுது களைத்தவர் கூறின் முதுகின் அடிப்பகுதியைச் சுட்டும்; நிறைசூலி கூறின் மகப்பேற்று நோவைச் சுட்டும்; குழந்தையைச் சுமந்து நெடுந்தொலைவு நடந்த தாய் கூறின் விலாவின் கீழுள்ள பக்கத்தைச் சுட்டும். தொடையெலும்பின் உருண்டைத்தலை இடுப்பெலும்பின் கிண்ணக்குழியிற் பொருந்தும் பெருமூட்டு ஒன்று உண்டு. மெய்யாக அம்மூட்டில் நோயுற்றவரோ பெரும்பாலும் ‘இடுப்பு’ என்னும் சொல்லையே எடுப்பதில்லை. கவட்டிலே வலி என்பர், தொடையிலே என்பர், பலர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவர். நோய் ஓரிடத்தும் வலி பிறிதோரிடத்தும் நிற்கும் இவ்வியல்பை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். மூட்டுக்கு வழக்கில் ஒரு தனிப்பெயர் இல்லாமையும், அதன் வலி இடம்மாறித் தோன்றுதலும் ஒன்று சேர்ந்து அந்நோயை இரட்டைத் திரையிட்டு மறைத்து வந்தன என்பதே இக்கட்டுரையின் துணிபு. பிரெஞ்சு மருத்துவமும் தமிழ் மருத்துவமும் ஒருங்கே வழங்கிய புதுச்சேரி இதனை ஆராய்தற்கு ஏற்ற நிலைக்களன் ஆகும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். உடம்பின் நடுப்பகுதிக்குத் தமிழிற் பெயர் குறைவன்று. இடை, மருங்குல், நுசுப்பு, அரை என்பன பண்டை நூல்களிற் பயில்வன. இவையனைத்தும் விலாவிற்கும் அடிவயிற்றிற்கும் இடைப்பட்ட சுருங்கிய பகுதியையே குறித்தன. புலவர் கண்ணுக்கு அழகு தோன்றிய இடம் அது. தொடைக்குக் குறங்கு, கவான் என்னும் பழஞ்சொற்கள் உண்டு. குழந்தையை ஏந்தும் பக்கத்திற்கு ஒக்கலை என்பது பெயர். ‘ஒக்கலில் வைத்தாள்’ என்னும் வழக்கு இன்றும் ஊர்ப்புறங்களில் உளது. ஆயின் இடைக்கும் தொடைக்கும் நடுவே உள்ள மூட்டு, வெளியே தெரியாது தசையின் ஆழத்தே மறைந்து கிடப்பது. முழங்காலைப் போலவோ கணுக்காலைப் போலவோ அதனைக் கையால் தொட்டுக் காட்டுதல் இயலாது. காணப்படாத உறுப்பு பெயரின்றி நின்றது வியப்பன்று. பிற்காலத்தில் ‘இடுப்பு’ என்னும் சொல் வழக்கிற் பரவி இடை, ஒக்கலை, முதுகடி ஆகிய மூன்றனையும் தன்னுள் விழுங்கியது. மூட்டினைக் குறிக்க ‘தொடைச்சந்து’ என்னும் சொல் உண்டெனினும், அது கவட்டின் மடிப்பையும் சேர்த்தே உணர்த்தும், வரையறை உடையதன்று.

பிரெஞ்சு மொழியில் இந்நிலை இல்லை. இடுப்பு மூட்டுப் பகுதிக்கு ‘ஆன்ஷ்’ என்பது பெயர். முதுகின் அடிப்பகுதிக்கு ‘ரேன்’ என்பது வேறு பெயர். அம்மொழி பேசும் உழவனும் இவ்விரண்டையும் மயங்கான். புதுச்சேரியில் முஸே, துப்புய் என்னும் பாதிரிமார் இருவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-க்கும் 1862-க்கும் இடையே இரு தொகுதிகளாக அவ்வூரிலேயே அச்சாயிற்று. தமிழரின் ஒரு சொல்லுக்குப் பிரெஞ்சுச் சொற்கள் பல நேரும் இடங்களில் அகராதி செய்வார் எல்லாப் பொருளையும் வரிசையிட்டு அமைதி கொள்ளலாம்; நோயாளியின் முன் நிற்கும் மருத்துவர் அவ்வாறு அமைதி கொள்ளல் இயலாது; அவர் ஒன்றனைத் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

இலக்கியத்தில் கால் ஊனமுற்றோர் பலர் காணப்படுகின்றனர். ஐயூர் முடவனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், பாண்டியன் முடத்திருமாறன் எனச் சங்கச் சான்றோர் நால்வர் பெயரிலேயே ‘முடம்’ என்னும் சொல் நிற்கின்றது. எல்லாருக்கும் அது உடற்குறையைக் குறித்ததோ, வேறு காரணத்தால் வந்ததோ என்பது ஆராய்ச்சிக்குரியது. எனினும் ஐயூர் முடவனார் தாமான் தோன்றிக்கோனைப் பாடிய புறப்பாட்டினைக் கொண்டு, வண்டி ஈர்க்கும் எருதொன்றை அவர் வேண்டினார் என அறிஞர் கொள்வர். பிற புலவர் யானையும் பொன்னும் வேண்டியிருக்க, இவர் நடத்தற்கு மாற்றாக ஓர் எருது கேட்டது நெஞ்சைத் தொடுகின்றது. மக்கட் பிறப்பின் எண்வகை எச்சங்களை அடுக்கிக் கூறும் 28-ஆம் புறப்பாட்டில் குருடும் கூனும் குறளும் செவிடும் இடம்பெற, முடம் தனியே எண்ணப்படாமை குறிக்கத்தக்கது. பிறவியில் வருவனவற்றையே அப்பாட்டு எண்ணிற்று என்றும், முடம் பிறந்தபின் வருவது எனப் புலவர் உணர்ந்திருந்தார் என்றும் கொள்ள இடமுண்டு. ஆயினும் ஒரு சொல் இல்லாமையைக் கொண்டு இவ்வளவு துணிதல் மிகை எனலே நேர்மை.

பிற்கால நொண்டி நாடகங்களில் நிலை வேறு. அங்கே தலைவன் கள்வன். குற்றத்திற்குத் தண்டனையாகக் கால் வெட்டுண்டவன். இறையருளாற் கால் பெற்றவன். சீதக்காதி நொண்டி நாடகமும் திருச்செந்தூர் நொண்டி நாடகமும் இவ்வமைப்பின. ஆங்கு நொண்டுதல் வினைப்பயன்; நோய் அன்று. மயிலாடுதுறையிற் கார்த்திகை முதல்நாள் நடைபெறும் ‘முடவன் முழுக்கு’ இவற்றினும் இரக்கமுடையது. ஐப்பசித் திங்கள் முழுதும் காவிரியில் நீராடும் பேறு, நடக்கமாட்டாது பிந்தி வந்த முடவன் ஒருவன் பொருட்டு மேலும் ஒருநாள் நீட்டிக்கப்பட்டது என்பது ஆங்குள்ள மரபு. மெல்ல நடப்பவனுக்காக நாளே காத்து நின்றது என்று கூறும் ஊர்க்கதை உலகில் வேறெங்கு உண்டோ அறியோம். ஆயினும் இவற்றுள் எதனிலும் ‘இவன் ஏன் நொண்டினான், எந்த மூட்டு கெட்டது’ என்னும் வினா எழவில்லை. இலக்கியத்தில் முடவன் முடவனாகவே மேடையேறுகின்றான்.

அவ்வினாவை எழுப்பியவர் மருத்துவ நூலார். சுசுருதர், கடிப்பகுதியில் நின்ற வாயு தொடையின் நரம்புக்கட்டினை இழுப்பின் ஒருவன் ‘கஞ்சன்’ ஆவான் என்றும், இரு தொடையும் கெடின் ‘பங்கு’ ஆவான் என்றும் பிரித்துக் கூறினார். கால் நொண்டுதற்குக் காரணம் காலின் மேலே, இடுப்பகத்தே உளது என்னும் கருத்து இதனுள் அடங்கியிருத்தல் காண்க. சரகரோ ‘கிருத்ரசி’ என்னும் நோயில் வலி பிட்டத்தில் தொடங்கிக் கடி, தொடை, முழங்கால், கணைக்கால், பாதம் என முறையே இறங்குதலை வரிசைப்படுத்தினார். தமிழ்ச் சித்த மருத்துவமும் வாத நோய்களைப் பல்வகைப்படுத்தி, வாயு இடம்விட்டு இடம் செல்லும் இயல்பினது என்று கொண்டது. வலியின் இடமும் நோயின் இடமும் வேறாகலாம் என்பதற்கு இக்கொள்கையில் தடையில்லை. குறை யாதெனின், தண்டிலிருந்து இறங்கும் நரம்புவலியையும் தொடைச்சந்தின் நோயையும் பிரித்தறியும் கருவி அவர்பால் இல்லாமையே. முறிவுக்கு மருத்துவம் கூறுமிடத்தில் சுசுருதர் காட்டும் ‘கபாட சயனம்’ நினைவிற் கொள்ளத்தக்கது. நோயாளியைப் பலகையிற் கிடத்தி, ஐந்து முளைகள் அடித்து, கால் அசையாதவாறு கட்டும் முறை அது. தொடையெலும்பு முறிவுக்கு அசையாமையே முதல் மருந்து என்னும் அறிவு ஐரோப்பியர் வருமுன்னரே இந்நாட்டில் இருந்தது. புத்தூர்க் கட்டு முதலிய எலும்பு கட்டும் மரபுகளும் இவ்வறிவின் வழிவந்தனவே. அவை கணைக்கால், முன்கை முறிவுகளுக்குப் பயன்பட்ட அளவு தொடையெலும்பின் கழுத்து முறிவுக்குப் பயன்படவில்லை. அக்கழுத்து மூட்டின் உறைக்குள்ளே கிடப்பதால் வெளிக்கட்டு அதனைப் பற்றுவதில்லை. முறிவு கூடாமல் நின்றுவிடும்.

இனி, வலி ஏன் இடம்மாறுகின்றது என்பதைக் காண்போம். இலண்டன் மருத்துவர் பெஞ்சமின் பிராடி 1818-இல் வெளியிட்ட மூட்டு நோய் நூலிலேயே இடுப்பு மூட்டு நோயில் முழங்கால் வலி தோன்றுதல் குறிக்கப்பட்டது. அதற்குக் காரணங்காட்டிப் புகழ்பெற்றவர் ஜான் ஹில்டன். 1860 முதல் 1862 வரை அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1863-இல் நூலாயின. ஒரு மூட்டிற்குச் செல்லும் நரம்பே அம்மூட்டை அசைக்கும் தசைகட்கும் அத்தசைகளின் மேலுள்ள தோலுக்கும் செல்லும் என்பது அவர் கண்ட விதி. ஆப்டுரேட்டர் என்னும் நரம்பு இடுப்பு மூட்டிற்கு ஒரு கிளையும் முழங்காலுக்கு ஒரு கிளையும் தருகின்றது. தொடையின் முன்புற நரம்பும் அவ்வாறே. தண்டுவடத்தின் ஒரே பகுதிக்கு இரு மூட்டுகளின் செய்தியும் சென்று சேர்தலின், மேலிருந்து வந்த முறையீட்டைக் கீழிருந்து வந்ததாக மூளை கொள்கின்றது. ஒரே அஞ்சற்பையில் இரண்டு தெருவின் கடிதங்கள் வந்து, மேல்விலாசம் அழிந்திருப்பின் என்னாகுமோ அதுவே ஈண்டு நிகழ்வது. 1930களின் இறுதியில் கெல்கிரன் என்பார் தசையிலும் தசைநாரிலும் உப்புநீரைச் செலுத்தி, ஊசி குத்திய இடத்திற்குச் சேய்மையில் வலி தோன்றுதலைச் சோதனையால் மெய்ப்பித்தார். அதன்பின் இது கருத்தளவில் நின்ற விதியாக இல்லை.

இம்மயக்கத்திற்கு மிகுதியும் இரையானோர் சிறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடுப்பு மூட்டினைத் தாக்கிய நோய்களுள் தலையாயது காசம். பிரெஞ்சு மருத்துவர் அதனைக் ‘கோக்ஸால்ஜி’ என்றனர். பகலெல்லாம் சற்றே நொண்டி விளையாடும் குழந்தை, இரவில் தசை தளர்ந்தவுடன் வலியால் அலறி எழும். எங்கே என்று கேட்டால் முழங்காலைக் காட்டும். லியோன் நகரத்து அமெதே பொன்னே 1845-இல் மூட்டு நோய்களைப் பற்றிப் பெருநூல் எழுதி, நோயுற்ற மூட்டினை அசையாது வைத்தற்கு முழுவுடலையும் தாங்கும் தொட்டில் போன்ற கருவியைப் பரப்பினார். தமிழில் காசத்திற்கு ‘என்புருக்கி’ என்னும் பெயர் உண்டு. உடல் மெலிந்து எலும்பு தோன்றுதலைக் கண்டு இட்ட பெயர் அது. எனினும் தொடையெலும்பின் தலையையே அந்நோய் அரித்து உருக்கும் என்பதை நோக்குங்கால், பெயரிட்டோர் தாம் கருதியதனினும் மெய்யாகவே பெயரிட்டனர் எனலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1823-ஆம் ஆண்டில். பாடம் பிரெஞ்சு மொழியில் நடந்தது. அங்கே பயின்ற தமிழ் மாணவர், நோயாளி தமிழிற் கூறியதைப் பிரெஞ்சு மொழியில் எழுதும் கடமை உடையராயினர். நோயாளி ‘இடுப்பு’ என்றால் ‘ரேன்’ என்று எழுதுவதா, ‘ஆன்ஷ்’ என்று எழுதுவதா? ‘முழங்கால்’ என்று தெளிவாகவே கூறினும் அச்சொல்லை நம்புவதா? இவ்விரண்டு வினாக்களும் ஒவ்வொரு படுக்கையருகிலும் எழுந்திருத்தல் வேண்டும். முதல் வினா மொழியினால் வந்தது. இரண்டாவது உடம்பினால் வந்தது. இரு மரபையும் இணைக்க முயன்றோர் அவ்வூரில் இல்லாமலில்லை. புதுவை மருத்துவரான பரமானந்த மரியதாசு இந்திய மரபு மருத்துவத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியிற் பல தொகுதிகள் எழுதினார். 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் தலைவர் ழான் ஃபிலியோசா, வடமொழியும் தமிழும் கற்ற அறிஞர் என்பது பலரும் அறிந்ததே. அவர் கண் மருத்துவராகப் பயின்றவர் என்பதும், 1949-இல் இந்தியப் பழமருத்துவக் கோட்பாட்டைப் பற்றி நூல் வெளியிட்டவர் என்பதும் பலர் நினையாதவை. எனினும் இவ்வறிஞர்தம் முயற்சி தமிழிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்றதேயன்றிப் பிரெஞ்சு மருத்துவம் தமிழ்ச் சொல்லாக மாறி மக்களிடம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1867-இல் ‘இரணவைத்தியம்’ என்னும் அறுவை நூலும், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் பெயரிடும் பொறுப்பை அவரும் அவர் மாணவரும் ஏற்றனர். அவர் 1873-இல் தாயகம் மீண்டபின் தமிழ்வழிக் கல்வி நிலைபெறவில்லை. புதுவையில் 1823-இல் தொடங்கிய பள்ளியும் மானிப்பாயில் தமிழில் நடந்த பள்ளியும் ஒரு நூற்றாண்டிற்குள்ளே நடந்தவை. இடையே இருந்தது சிறு கடல். இரண்டும் ஒன்றையொன்று கண்டிருந்தால் தொடைச்சந்துக்கு இன்று நம் நாவில் ஒரு பெயர் நின்றிருக்கும் என்பது எம் எண்ணம்.

1938-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் புலருமுன், புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் தம் அறையில் இடறி வீழ்ந்து வலத்தொடை எலும்பு முறிவுற்றார். முறிவு முழங்காலுக்கு அணித்தாக நிகழ்ந்ததேயன்றி இடுப்பு மூட்டில் அன்று. அவருடன் இருந்த மருத்துவர் நீரோத்பரன் எழுதிய நினைவு நூலால் அக்காலச் சிகிச்சை முறை நமக்குத் தெரிய வருகின்றது. வல்லுநர் சென்னையிலிருந்து வந்தனர். காலை இழுவையில் நிறுத்திப் பல வாரம் படுக்கையிற் கிடத்தினர். பின்னர் விறைத்த முழங்காலை மெல்ல மெல்ல மடக்கப் பழக்கினர். உலகறிந்த ஒருவர்க்கே எலும்பு வல்லுநர் வேற்றூரிலிருந்து வரவேண்டிய நிலை இருந்ததெனின், வில்லியனூர்ச் சாலையில் வண்டியினின்று விழுந்த எளியவர் நிலை யாதென உய்த்துணரலாம்.

1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதுவே கோரிமேட்டில் ஜவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1964 சூலை 13-இல் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனால் திறந்து வைக்கப்பெற்றது. மக்கள் அதனை ‘ஜிப்மர்’ என்றே வழங்குவர். அதே 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. மருந்தினை முறைப்படி உட்கொள்ளின், மருத்துவமனைப் படுக்கையில் உள்ளவரைப் போலவே வீட்டிலிருப்பாரும் நுரையீரற் காசத்தினின்று நலம் பெறுவர் என்று 1959-இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. பொன்னே வகுத்த தொட்டிற் படுக்கையும் ஆண்டுக்கணக்கான மாவுக்கட்டும் தேவையற்றுப் போயின. எலும்புக் காசத்தில் முதுகெலும்பிற்கு அடுத்தபடி இடுப்பு மூட்டே இன்றும் மிகுதியாகத் தாக்குறுவது. ஆயினும் அது காலத்தே கண்டறியப்படின் பெரும்பாலும் மருந்தால் தீரும்.

காசம் பின்வாங்கவே, அதன் நிழலில் மறைந்திருந்த பிற நோய்கள் கண்ணுக்குத் தெரியலாயின. 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, செருமனியில் பெர்தெஸ் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாமல் சிறுவர் நோயொன்றை விளக்கினர். காசம் எனக் கருதிப் படுக்கையில் இடப்பட்ட குழந்தைகள் சிலர்க்குக் காசமே இல்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் தொடையெலும்பின் தலை தட்டையாகிச் சிதைந்திருந்தது. குருதி வரவு தடைப்பட்டு எலும்பு மாண்டமையே காரணம். இந்நோய் பெரியோர்க்கும் வரும். தொடையெலும்பின் தலைக்குக் குருதி செல்லும் குழாய்கள் கழுத்தின்மேல் ஒட்டி மெல்லியனவாகச் செல்கின்றன. மாற்று வழி மிகக் குறைவு. கழுத்து முறியினும், மூட்டு நழுவினும், மிகுமதுப் பழக்கத்தாலும், ஸ்டீராய்டு மருந்தினை நெடிது உட்கொள்வதாலும், பிறை வடிவக் குருதியணு நோயாலும் அவ்வழி அடைபடும். எலும்பு மாண்டவுடன் வலி தோன்றாது. மாண்ட எலும்பு உடற்சுமையால் உள்ளே நொறுங்கும்போதே வலி தொடங்கும். சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த ஆண்டுகளிலும் புதுச்சேரியில் மது தடையின்றிக் கிடைத்தது. இந்நோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பை அறிந்தார்க்கு இச்செய்தி பொருளற்றதன்று. 2020, 2021 ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றில் ஸ்டீராய்டு உட்கொண்டு உயிர் பிழைத்தோர் சிலர்க்குச் சில திங்கள் கழித்துத் தொடையெலும்பின் தலை மாண்டதை இந்திய மருத்துவர் எழுதியுள்ளனர்.

மருத்துவ முறைகளுள் எதனைத் தெரிவது என்பது நோயின் படிநிலையைப் பொறுத்தது. படிநிலைகளை வகுத்தவருள் துலூஸ் நகரத்து ஆர்லேயும் ஃபிகாவும் முன்னோடிகள். தலை நொறுங்காது உருண்டையாகவே உள்ள நிலையில், வெளியிலிருந்து தலைவரை துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துப் புதுக்குருதி வர வழிசெய்வர். கல்கத்தாவில் பக்சி என்னும் அறுவை மருத்துவர், உயிருள்ள தசையோடு கூடிய எலும்புத் துண்டினை அத்துளையிற் பொருத்தும் முறையைக் கையாண்டு 1980களில் வெளியிட்டார். தொடையெலும்பை வெட்டித் திருப்பி, மாளாத பகுதி சுமையைத் தாங்குமாறு நிறுத்துவதும் உண்டு. நொறுங்கியபின் இவை பயனளித்தல் அரிது.

மூட்டினையே மாற்றும் எண்ணம் பழையது. 1890-ஐ ஒட்டிப் பெர்லினில் க்ளுக் என்பார் யானைத் தந்தத்தால் மூட்டு செய்து பொருத்தினார். 1923-இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணம் வைத்தார். அது உடையவே, 1938-இல் வைட்டாலியம் என்னும் உலோகக் கலவைக்கு மாறினார். பாரிசில் ஜுதே உடன்பிறந்தார் இருவர் 1946-இல் அக்ரிலிக் தலை செய்து பொருத்தினர். தொடக்கத்தில் வியப்புறத்தக்க நலன் விளைந்தது, சில ஆண்டுகளில் அதுவும் தேய்ந்தது, உடைந்தது. 1962 நவம்பரில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி சிறிய உலோகத் தலையையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் எலும்புச் சிமெண்டால் நிறுத்தியபோதுதான் நிலைத்த வெற்றி கிடைத்தது. இன்று உலகெங்கும் செய்யப்படும் முழுமூட்டு மாற்றம் அதன் வழியதே. அதற்குப் பின்னும் தவறுகள் நிகழாமலில்லை. உலோகத்தின்மேல் உலோகம் உராயும் ஒருவகை மூட்டு 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதனைப் பொருத்திக்கொண்ட இந்திய நோயாளிகட்கு இழப்பீடு வகுக்க 2018 வரை ஆயிற்று.

நம் நாட்டில் இவ்வறுவைக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அதனை மேனாட்டு நூல்கள் சிறிதாகவே பேசும். நாம் தரையில் உண்பவர்; தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் அரிபவர்; குந்தியிருந்து காலைக்கடன் கழிப்பவர். பழைய வகைச் செயற்கை மூட்டு ஆழ மடக்கின் நழுவும் அச்சமுடையது. நோயாளியிடம் ‘இனித் தரையில் அமரற்க’ என்று கூறுதல், அவருடைய அடுக்களையையும் வழிபாட்டையும் பந்தியையும் வேறாக்குதல் ஆகும். அதனாலேயே ஆக்ஸ்போர்டு கிர்டில்ஸ்டன் பெயரால் வழங்கும் அறுவை இந்திய மருத்துவரிடையே நெடுநாள் மதிக்கப்பட்டது. தொடையெலும்பின் தலையையும் கழுத்தையும் அகற்றிவிட்டு அவ்விடத்தே ஒன்றும் வையாது விடும் முறை அது. கால் ஓரளவு குட்டையாகும், நொண்டுதல் நீங்காது, ஊன்றுகோல் வேண்டும். ஆனால் வலி தீரும், குந்தலாம், சம்மணமிடலாம், செலவு சிறிது. நேராக நடந்து நாற்காலியில் அமர்வதா, நொண்டி நடந்து தரையில் அமர்வதா என்னும் தெரிவு நோயாளியின் வாழ்க்கையைக் கேட்டே முடிவு செய்யப்பட்டது. பெரிய தலையுடைய புதிய மூட்டுகளும் நுட்பமான அறுவை முறைகளும் அத்தெரிவின் கடுமையை இன்று வெகுவாகக் குறைத்துள்ளன.

செருமானிய அறுவை மருத்துவர் திரெண்டலன்பர்க் 1895-இல் ஒரு சோதனை கூறினார். ஒற்றைக் காலில் நிற்கச் செய்தால், மூட்டும் அதன் பக்கத்தசையும் நலமாயின் தூக்கிய பக்கத்து இடுப்பு தாழாது நிற்கும்; கெட்டிருப்பின் தாழும். சிதம்பரத்து ஆடவல்லான் திருமேனியைக் காண்போர், ஊன்றிய திருவடிமேல் இடுப்பெலும்பு தாழாது நிற்கும் அமைப்பைச் செப்புத்திருமேனி வார்த்த கலைஞன் எவ்வளவு கூர்ந்து நோக்கினான் என்பதை உணர்வர். 1917-இல் அமெரிக்க நரம்பு மருத்துவர் பேட்ரிக் கூறிய சோதனை இதனினும் நமக்கு அணித்து. நோயாளியைக் கிடத்தி, ஒரு காலின் கணுவை மற்றைக் காலின் முழங்கால்மேல் வைத்து, மடங்கிய காலைப் பக்கவாட்டில் தாழ்த்துவது அது. இடுப்பு மூட்டு நோயுற்றிருப்பின் அது தாழாது, அல்லது கவட்டில் வலிக்கும். இந்நிலையை நோக்கின் அது நம் சம்மணத்தின் ஒரு பாதியே என்பது புலனாகும்.

முழங்கால் வலி என்று வந்தவரிடம் இடுப்பைப் பற்றிக் கேட்டால் அவர் முதுகைக் காட்டுவார். தொடைச்சந்து என்றால் விழிப்பார். ‘பந்தியில் முன்போல் சம்மணமிட்டு அமர முடிகின்றதா? கால்விரல் நகத்தை நீரே களைகின்றீரா? எந்தக் காலில் மெட்டி அணிய அரிதாக உள்ளது?’ என்று கேட்டால், அவ்வினாக்களுள் மூட்டின் பெயர் வாராமலே மூட்டின் நிலை வெளிப்படும். முழங்காலை நேராகப் படம் பிடித்துக் குறையொன்றும் காணாது திருப்பியனுப்பப்பட்டவர் பலர், சம்மணம் கூடவில்லை என்ற ஒரு விடையால், ஓரடி மேலே மற்றுமொரு படம் எடுக்கப்பெற்று நோய் அறியப்படுகின்றனர்.